பள்ளி மேலாண்மைக் குழு: சூரியநெல்லி வட்டாரம்

பெற்றோரும் ஆசிரியரும் உள்ளாட்சி உறுப்பினரும் கூடிப் பள்ளியின் நடப்பைக் கவனிக்கும் சட்டமுறை அமைப்பு பள்ளி மேலாண்மைக் குழு. இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் ஊராட்சியிலுள்ள சூரியநெல்லி, தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் மலையூர். ஆகவே மொழிச் சிறுபான்மையினர் உரிமையோடு சேர்த்தே அங்குள்ள இக்குழுவை நோக்க வேண்டும்.

வரலாறு: 1956இல் கேரளம் உருவானபோது, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்துடன் சேர்க்கக் கேட்ட, இம்மலைப் பகுதியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்திலேயே நின்றன. மறு ஆண்டே கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி புகழ்பெற்ற கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். மாநிலக் கல்வி ஆலோசனை வாரியமும் உள்ளூர்க் கல்வி அமைப்புகளும் அதில் இடம்பெற்றன. ஆனால் தனியார் பள்ளிகள் மீதான கட்டுப்பாடுகள்தாம் புயலைக் கிளப்பின. குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் மசோதாவை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். 1958 மே 22இல் தலைமை நீதிபதி எஸ். ஆர். தாஸ் தலைமையிலான அமர்வு, சமயம், மொழி ஆகிய இருவகைச் சிறுபான்மையினருக்கும் அரசமைப்பின் 30ஆம் பிரிவு தரும் நிர்வாக உரிமையை வலியுறுத்தியது. ஒரு பகுதியில் மாறுபட்டவர் நீதிபதி டி. எல். வெங்கடராம ஐயர். திருத்தப்பட்ட சட்டம் 1959 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

வகைப்பாடு: 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, குழு உறுப்பினரில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும் மானியச் செலவைக் கண்காணிப்பதும் அதன் பணி. 2012 திருத்தமோ சிறுபான்மையினர் பள்ளிகளிலும் பிற உதவிபெறும் பள்ளிகளிலும் குழுவை ஆலோசனை கூறுவதோடு நிறுத்திவிட்டது. சிறுபான்மையினர் பள்ளிகளைப் பொறுத்தவரை, உச்ச நீதிமன்றத்தின் 1958ஆம் ஆண்டுக் கருத்தின் நீட்சியாக இதைக் காணலாம். எனவே அரசுப் பள்ளியில் மேலாண்மை, உதவிபெறும் பள்ளியில் ஆலோசனை. பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான்.

மத்திய மாதிரி விதிகளின்படி தலைவர் பெற்றோரிலிருந்து தேர்வாவார்; தலைமை ஆசிரியர் கூட்டுநர்; மாதம் ஒருமுறையாவது கூட வேண்டும். சூரியநெல்லித் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் தாய்க்கு வேலைநாள் கூட்டம் என்றால் அன்றைய கூலி போயிற்று; விதி வகுத்தவர்கள் இதை எண்ணியதாகத் தெரியவில்லை.

இன்றைய நிலை: கேரளப் பள்ளிகளில் பி.டி.ஏ. எனும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் இக்குழுவுடன் இயங்குகிறது. அண்டை மாநிலமான தமிழகம் 2022இல் ‘நம் பள்ளி நம் பெருமை’ என்ற பெயரில் குழுக்களை மறுசீரமைத்தது.