எல்லைக்கு நட்ட செடி

நம் ஆட்டையாம்பட்டிப் பக்கம் இலை கலராக இருந்தால் போதும், அந்தச் செடிக்குப் பெயர் குரோட்டன்ஸ். மஞ்சள் புள்ளி போட்ட இலையும் குரோட்டன்ஸ்தான், கருஞ்சிவப்பாக நீண்டு நிற்கும் இலையும் குரோட்டன்ஸ்தான். ஆனால் தாவரவியலில் குரோட்டன் இனத்தைச் சேர்ந்தது, நாட்டு வைத்தியர்கள் பேதிக்குக் கொடுத்த நேர்வாளம். மஞ்சள் புள்ளிச் செடியை லின்னேயஸ் அந்த இனத்தில் சேர்த்தார். பின்னால் வந்தவர்கள் பிரித்துவிட்டார்கள். பெயர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது.

அந்தக் கருஞ்சிவப்பு இலைச் செடியின் சரியான பெயர் கார்டிலைன். நர்சரியில் டிரசீனா என்று சொல்லித்தான் விற்பார்கள். இரண்டும் சதாவரிக் குடும்பம், அதாவது நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் சொந்தம். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் கார்டிலைன், ஆரஞ்சு மஞ்சளாக இருந்தால் டிரசீனா.

நில அளவைத் துறையில் முப்பது வருஷம் சங்கிலியும் கல்லுமாக அலைந்தவன் நான். இந்தச் செடியின் பழைய பெயரைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'டெர்மினாலிஸ்' என்று அதற்குப் பெயர். எல்லைக்குரியது என்று பொருள்.

அந்தப் பெயரை வைத்தவர் ரம்ஃபியஸ். 1627இல் ஜெர்மனியில் பிறந்து, டச்சுக் கம்பெனி வேலையில் இந்தோனேசியாவின் அம்போன் தீவுக்குப் போனவர். அங்கே ஜனங்கள் நிலத்துக்கு நிலம் எல்லையில் இந்தச் செடியை நட்டிருந்ததைப் பார்த்து எழுதி வைத்தார். 1670இல் அவருக்குக் கண் பார்வை போயிற்று. 1674 பூகம்பத்தில் மனைவியும் மகளும் இறந்தார்கள். 1687இல் தீ விபத்தில் படங்கள் எரிந்தன. 1692இல் கையெழுத்துப் பிரதி ஏற்றிப் போன கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் மூழ்கடித்தார்கள். நல்லவேளை, ஒரு நகல் மிஞ்சியிருந்தது. அவர் 1702இல் காலமானார். புத்தகம் அச்சேறத் தொடங்கியது 1741இல். அப்படிப் பிழைத்து வந்த தகவல் இது.

எல்லைக்கு ஏன் இந்தச் செடி? விஷயம் எளிது. வெட்டிய துண்டை நட்டால் வேர் பிடிக்கும், பல வருஷம் சாகாது, கலர் தூரத்திலிருந்தே தெரியும். பிடுங்கி மாற்றி வைத்தால் வாடிக் காட்டிக்கொடுத்துவிடும். நம் கொங்குக் காடுகளில் கிளுவை வேலி செய்த வேலையைத்தான் அங்கே இது செய்திருக்கிறது. அளவைக் கல்லை இரவோடு இரவாக நகர்த்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். முப்பது வருஷக் கிளுவை வேலியை அப்படி நகர்த்தியவரைப் பார்த்ததில்லை.

பசிபிக் தீவுக்காரர்களுக்கு இது அதற்கும் மேலே. படகில் புது மண் தேடிப் போனபோது கூடவே கொண்டுபோனார்கள். ஹவாய் வரை போன பச்சை வகை விதை வைக்காது. அப்படியானால் ஒவ்வொரு தீவிலும் யாரோ ஒருவர் கையால் துண்டு நட்டுத்தான் அது பரவியிருக்க வேண்டும். அதன் கிழங்கை மண் அடுப்பில் நெடுநேரம் சுட்டால் வெல்லம்போல் இனிக்குமாம். பஞ்சத்தில் அதுவே சாப்பாடு.

இலைக் கலருக்காக அதைத் தேடிப் போனது பிற்பாடுதான். 1864 முதல் 1866 வரை ஜான் கூல்ட் வீட்ச் என்ற நர்சரிக் குடும்பத்துப் பிள்ளை ஆஸ்திரேலியாவுக்கும் பிஜி முதலான தீவுகளுக்கும் போய், லண்டன் கண்ணாடி வீடுகளுக்குக் கலர் இலைச் செடிகளை அனுப்பினார். பணக்காரர் வீடுகளில் பெரிய மோகம். இந்தியாவில் வெளிநாட்டுச் செடிகளை வரவழைத்துப் பழக்கிய இடங்கள் கல்கத்தா தாவரவியல் தோட்டம் (1787), பெங்களூர் லால்பாக், 1835இல் சென்னையில் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம். நமக்குப் பக்கத்திலேயே, 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், ஏற்காட்டில் காபியும் பழ மரங்களும் வைத்துப் பார்த்தார். சிறுவயதில் நான் கார்டிலைனைப் பார்த்தது பயணியர் மாளிகைப் போர்டிகோவில்தான். பிறகு கல்யாண மண்டபம், பேங்க் வாசல், அப்புறம் நம் வீட்டு மதில் ஓரம். இங்கேயும் எல்லையில்தான் வந்து நின்றது.

வளர்ப்பதைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். ஈரக்காட்டுச் செடி, நம் சித்திரை வெயிலைத் தாங்காது. கிழக்கு வாசலில் காலை வெயில் மட்டும் படும்படி வையுங்கள். முழு நிழலில் கலர் மங்கிவிடும். முக்கியமான விஷயம் தண்ணீர். இலை நுனி கருகினால் பூச்சி மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். கார்டிலைனுக்கு ஃபுளோரைடு ஆகாது, உப்புத் தண்ணீரும் ஆகாது. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடத்துப் பாறை நீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகள் பல்லில் படியும் காவி அதனால்தான். அதற்காகத்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு போகக்கூடாது என்பது அரசு அளவு. ஆகவே நுனி கருகும் வீட்டுக்காரர்கள் செடியை விட்டுவிட்டு முதலில் போர்த் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பேரப்பிள்ளைகள் குடிப்பதும் அதே தண்ணீராக இருக்கலாம். செடிக்கு மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள். சூப்பர் பாஸ்பேட்டிலும் ஃபுளோரைடு உண்டு, அதைப் போடாதீர்கள். மக்கிய சாண எரு போதும்.

பதியன் போடத் தெரியாதவர்களும் இதைப் பெருக்கலாம். இலை உதிர்ந்த தண்டை இரண்டு மூன்று அங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஈர மணலில் படுக்க வைத்தால் கணுவுக்குக் கணு முளைக்கும். ஆடிக் காற்று அடங்கியதும் என் செடியைக் கவாத்து செய்யப் போகிறேன். உள்ளூர்க்காரர்கள் துண்டு வேண்டுமென்றால் சொல்லி வையுங்கள், எடுத்து வைக்கிறேன். வாங்கிப் போகும்போது பெயரையும் கார்டிலைன் என்று சொல்லிக்கொண்டு போங்கள்.