ஒரு மனிதன், ஒரு லைசென்ஸ்

சில வருஷங்களுக்கு முன்பு, அமெரிக்காவில் இருக்கும் என் தமக்கை மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். ஒரு நாள் அவனுடைய காரில் அயோவா ராஜ்யத்தின் வழியாக மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். 80-ஆம் நம்பர் நெடுஞ்சாலை. இரு பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரையில் மக்காச்சோளக் கொல்லை. சாலையில் ஒன்றன் பின் ஒன்றாகப் பெரிய பெரிய லாரிகள். மத்தியானம், லாரி டிரைவர்கள் வழக்கமாகச் சாப்பிடும் ஒரு ஹோட்டல் வாசலில் காரை நிறுத்தினான். உள்ளே கூட்டம். தனியாக உட்கார்ந்திருந்த ஒரு கிழவருடைய மேஜையில்தான் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன.

எண்பதை நெருங்கிய மனிதர். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது வேலை இல்லாவிட்டாலும் காபி குடிப்பதற்கு அங்கேதான் வருவாராம்.

"மாமா, பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். உங்களுக்கு ஒரு கதை கிடைக்கும்" என்றான் பையன் தமிழில்.

நான் கேட்கும் வரையில் அவர் காத்திருக்கவில்லை. "நான் ஓட்டிய காலத்தில் என் பையில் நான்கு ராஜ்யங்களின் லைசென்ஸ் இருந்தது" என்றார்.

நான் அதைப் பெருமையென்று எடுத்துக்கொண்டேன். நம் நாட்டில் 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி ஒருவருக்கு ஒரே லைசென்ஸ்தான். அது நாடு முழுவதும் செல்லும். நாமக்கல்லில் வாங்கிய லைசென்ஸுடன் ஒருவர் டில்லி வரையில் லாரி ஓட்டிக்கொண்டு போகலாம். ஆகையால், "அங்கே போவதற்கு ஒன்று, இங்கே போவதற்கு ஒன்று என்று வாங்கவேண்டி இருந்ததா?" என்று கேட்டேன்.

கிழவர் சிரித்தார். "போவதற்கு ஒன்றே போதும். ஒரு ராஜ்யத்து லைசென்ஸை மற்ற ராஜ்யங்கள் ஒப்புக்கொள்ளும். மாட்டிக்கொள்வதற்குத்தான் நான்கு வேண்டும்!"

எனக்கு விளங்கவில்லை. பிறகு அவரே விளக்கினார். அதிவேகத்துக்காக ஒரு ராஜ்யத்தில் போலீஸ்காரர் பிடித்தால் ஒரு லைசென்ஸை நீட்டுவது. அடுத்த தடவை வேறோர் இடத்தில் பிடித்தால் இன்னொன்றை நீட்டுவது. குற்றங்கள் நான்கு புஸ்தகங்களில் பிரிந்து பதிவாகும். எந்தப் புஸ்தகத்திலும் லைசென்ஸைப் பிடுங்கும் அளவுக்குக் கணக்கு ஏறாது. அப்படியே ஒன்று போனாலும் மீதி மூன்று இருக்கிறதே!

ஊர் திரும்பியதும் பையன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த நூலகத்தில் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன். கிழவர் சொன்னது அவருடைய சொந்த சாமர்த்தியம் அல்ல. ஒரு தேசத்தின் சரித்திரத்தில் ஒரு பகுதி.

அமெரிக்காவில் கார் ஓட்ட அனுமதி கொடுப்பது ஆதியிலிருந்தே ராஜ்யங்களின் அதிகாரம். 1903-இல் மாஸச்சூஸெட்ஸும் மிஸௌரியும் முதன் முதலாக லைசென்ஸ் வேண்டும் என்றன. ஆனால் லைசென்ஸ் வேறு, பரீட்சை வேறு. மிஸௌரி பரீட்சை வைக்க ஆரம்பித்தது 1952-இல்! நடுவே ஏறக்குறைய ஐம்பது வருஷம், காசைக் கட்டியவன் ஓட்டலாம். தெற்கு டகோட்டாவில் 1954-இல்தான் லைசென்ஸ் வந்தது. பரீட்சை 1959-இல் வந்தது. ரோட் ஐலண்டு போன்ற சிறிய ராஜ்யம் 1908-லேயே இரண்டையும் கேட்டுவிட்டது. ஒரே கொடியின் கீழ் இத்தனை வித்தியாசம்.

கூலிக்கு ஓட்டுகிறவனை மட்டும் தனியாகக் கவனிக்கவேண்டும் என்ற எண்ணமும் சீக்கிரமே தோன்றிவிட்டது. 1910-இல் நியூயார்க் ராஜ்யம் 'ஷோபர்'களுக்கென்று லைசென்ஸ் சட்டம் செய்தது. ஷோபர் என்பது பிரெஞ்சு வார்த்தை. நெருப்பு மூட்டிச் சூடேற்றுகிறவன் என்று அர்த்தம். அந்தக் காலத்து ஷோபர் பெரும்பாலும் ஒரு பணக்காரரின் காரை ஊருக்குள் ஓட்டியவர். முப்பது நாற்பது டன் லாரியை ஆயிரம் மைல் ஓட்டப்போகும் மனிதனை அப்போது யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்த மனிதனை உண்டாக்கியது சாலைதான். 1956-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்து, 41,000 மைல் நீளத்துக்கு நெடுஞ்சாலைகள் போடப் பணம் ஒதுக்கியது. நாட்டின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்கு நடுவில் எங்கும் சிவப்பு விளக்குக்காக நிற்காமல் போகலாம் என்பது அந்தத் திட்டத்தின் கனவு. அது பெருமளவு பலித்தது. சாலைகள் ராஜ்யங்களை ஒன்றாகச் சேர்த்தன. ஆனால் லைசென்ஸ் ஆபீஸுகளில் இருந்த பதிவுப் புஸ்தகங்கள் ஒன்று சேரவில்லை. 1960-இல் மத்திய சர்க்கார் ஒரு தேசியப் பதிவேடு ஆரம்பித்தது வாஸ்தவம். ஆனால் குடித்துவிட்டு ஓட்டியதற்காகவோ உயிர்ச்சேதத்துக்காகவோ லைசென்ஸ் இழந்தவர்களின் பெயர்கள் மாத்திரமே முதலில் அதில் ஏறின. அதில் சேருவதும் சேராததும் ராஜ்யங்களின் விருப்பம். லாரியின் சக்கரம் போன வேகத்துக்கு எழுதுகோல் போகவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பல ராஜ்யங்களில் சாதாரணக் கார் லைசென்ஸை வைத்துக்கொண்டே டிரெய்லர் கோத்த லாரியையும் பஸ்ஸையும் ஓட்டலாம். வகுப்பு பிரித்த ராஜ்யங்களில்கூட, எந்த வண்டிக்கு லைசென்ஸ் வாங்குகிறாரோ அந்த வண்டியிலேயே ஓட்டிக் காட்டவேண்டும் என்ற கட்டாயம் பல இடங்களில் இல்லை.

இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்க வந்ததுதான் 1986-ஆம் வருஷத்து வர்த்தக வாகனப் பாதுகாப்புச் சட்டம். லைசென்ஸ் கொடுக்கும் உரிமையை அது ராஜ்யங்களிடமிருந்து பறிக்கவில்லை. கொடுப்பதற்கு எல்லோருக்கும் பொதுவான குறைந்தபட்ச விதிகளைப் போட்டது. 1987 ஜூலை முதல் தேதியிலிருந்து லாரி, பஸ் டிரைவர் எவரும் ஒன்றுக்கு மேற்பட்ட லைசென்ஸ் வைத்திருக்கக்கூடாது. 1992 ஏப்ரல் முதல் தேதிக்குள் அவர்கள் அத்தனை பேரும் புதிய பரீட்சையில் தேறி, புதிய வர்த்தக லைசென்ஸ் வாங்கியாகவேண்டும்.

அந்த லைசென்ஸில் மூன்று வகுப்புகள். முதலாவது ஏ வகுப்பு: இழுக்கும் லாரியும் இழுபடும் டிரெய்லரும் சேர்ந்து 26,001 பவுண்டும் அதற்கு மேலும் - நம் கணக்கில் ஏறக்குறைய 11,800 கிலோ - இருக்கவேண்டும், அதில் டிரெய்லரின் பங்கு மட்டும் 10,000 பவுண்டுக்கு மேல். அடுத்தது பி வகுப்பு: அதே 26,001 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள ஒற்றை வண்டி. பெரிய பஸ், டிப்பர் லாரி எல்லாம் இதில் சேரும். கடைசியாக சி வகுப்பு: எடையில் சிறியது, ஆனால் டிரைவரையும் சேர்த்து 16 பேருக்குக் குறையாமல் ஏற்றும் வண்டி, அல்லது அபாய அறிவிப்புப் பலகை மாட்டவேண்டிய சரக்கை ஏற்றும் வண்டி. எடை என்றால், இன்றைக்கு ஏற்றியிருக்கும் பாரம் மட்டும் அல்ல. அந்த வண்டிக்குத் தயாரித்தவர் குறித்திருக்கும் எடையையும் பார்க்கவேண்டும். இரண்டில் எது அதிகமோ அதுதான் கணக்கு. காலி லாரியானாலும் பெரிய லாரி பெரிய லாரிதான்.

வகுப்பு ஒன்று போதாது. எண்ணெய் டாங்கி ஓட்ட, பிரயாணிகளை ஏற்ற, பள்ளிக்கூடப் பஸ் ஓட்ட, இரட்டை டிரெய்லர் இழுக்க, அபாயகரமான சரக்கைக் கொண்டுபோக, ஒவ்வொன்றுக்கும் தனிப் பரீட்சை, தனிக் குறிப்பு. காற்றுப் பிரேக் இல்லாத வண்டியில் பரீட்சை கொடுத்தவர் காற்றுப் பிரேக் வண்டியைத் தொடக்கூடாது என்றும் குறித்துவிடுவார்கள். ஒரு ராஜ்யத்துக்குள் மட்டும் ஓட்ட 18 வயது போதும் என்று ராஜ்யங்கள் அனுமதிக்கின்றன. எல்லை தாண்ட 21 என்பது மத்திய சர்க்காரின் விதி. 2022 பிப்ரவரியிலிருந்து, ஏ அல்லது பி லைசென்ஸை முதன் முதலாக வாங்குகிறவர் பதிவு பெற்ற பயிற்சியாளரிடம் கற்ற பிறகே ஓட்டிக் காட்டும் பரீட்சைக்குப் போகமுடியும்.

ஆனால் சாதாரண லைசென்ஸுகளில் பழைய குழப்பம் இன்னும் இருக்கிறது. வெறும் கார் ஓட்டும் லைசென்ஸுக்கு கலிபோர்னியாவில் சி என்று பெயர், நியூயார்க்கில் டி, புளோரிடாவில் இ. எழுத்தை மட்டும் பார்த்து ஒருவரை வேலைக்கு வைத்துக்கொண்டால் ஏமாந்துபோக நேரும். எழுத்தோடு 'வர்த்தக' என்ற வார்த்தையும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

இவ்வளவும் படித்த பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. ஏ, பி, சி என்று பிரித்தது ஒருவருக்கு என்ன ஓட்டத் தெரியும் என்பதற்காக. அதைவிடப் பெரிய காரியம், பதிவுகளை ஒன்றாகச் சேர்த்தது. இன்று ஒரு லாரி டிரைவர் எந்த ராஜ்யத்தில் குற்றம் செய்து தண்டனை பெற்றாலும், அந்தச் செய்தி லைசென்ஸ் கொடுத்த ராஜ்யத்துக்குப் போய்ச் சேருகிறது. குடித்துவிட்டு ஓட்டி ஒரு தடவை அகப்பட்டால் ஒரு வருஷம் லாரியைத் தொடமுடியாது. அபாயகரமான சரக்கோடு அகப்பட்டால் மூன்று வருஷம். அதை மறைக்க இன்னொரு லைசென்ஸ் இல்லை. பிழைப்பைக் கெடுக்கும் கடுமையான சட்டம் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியிருக்கும், கிழவர் கடைசியில் சொன்னதைக் கேட்டிராவிட்டால்.

நாங்கள் எழுந்திருக்கும் சமயத்தில் அவர் அதைச் சொன்னார். அப்போது சிரிக்கவில்லை. ஒரு வருஷம் அவருடைய நான்கில் ஒன்றை ஒரு ராஜ்யம் நிறுத்திவைத்துவிட்டது. அவர் இன்னொன்றை எடுத்துக்கொண்டு வழக்கம்போல ஓட்டினார். அந்த நாட்களில் ஒரு நாள் பின்னிரவு, கண் விழித்துப் பார்த்தால் லாரி சாலையை விட்டு இறங்கிப் புல்தரையில் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை தூரம் தூங்கிக்கொண்டே ஓட்டினார் என்பது அவருக்குத் தெரியாது.

"அங்கே ஒரு கார் பழுதாகி நின்றிருக்கலாம். குழந்தைகள் இறங்கி நின்றிருக்கலாம்" என்றார். "யாரும் இல்லை. அது என் கெட்டிக்காரத்தனம் இல்லையே!"

புதிய சட்டம் வந்தபோது, வீடு இருந்த ராஜ்யத்தின் லைசென்ஸை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டாராம். பிறகு 1992-க்கு முன்னால், இருபத்தைந்து வருஷம் ஓட்டியவர், பள்ளிக்கூடத்துப் பையனைப் போல உட்கார்ந்து பரீட்சை எழுதினாராம்.

"கோபம் வரவில்லையா?" என்று கேட்டேன்.

"வந்தது. எழுதி முடித்துவிட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் என் ஒரே பெயரில்தான் எழுதப்பட்டது" என்றார்.

காருக்குத் திரும்பினோம். பையன் கிளப்புவதற்கு முன்னால் கண்ணாடியை இரண்டு தடவை சரி செய்துகொண்டான்.