சங்கிலி வளையும் இலக்கணம்: ஜி. என். இராமச்சந்திரனின் ஆய்வு வாழ்க்கை

ஈஜோக், புக்கிட் ரோத்தான் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தலைமுறையினர் இரப்பரின் இயல்பைக் கையாலேயே அறிந்தவர்கள். இழுத்தால் நீளும், விட்டால் மீளும். இதே மலாயாக் காடுகளில் கிடைத்த கெத்தா பெர்ச்சா என்னும் பிசினிலும் அதே அணுக்கள் அதே வரிசையில் கோக்கப்பட்டுள்ளன. ஆயினும் அது விறைப்பானது. இரப்பரில் ஒவ்வோர் இரட்டைப் பிணைப்பின் இரு முனைகளிலும் சங்கிலி ஒரே பக்கமாகத் தொடர்கிறது. கெத்தா பெர்ச்சாவில் எதிரெதிர்ப் பக்கமாகத் தொடர்கிறது. வேறுபாடு அவ்வளவே. மூலக்கூற்றின் தன்மையை அதன் வடிவமும் முடிவு செய்கிறது என்பதற்கு நம் மண்ணிலிருந்தே கிடைக்கும் சான்று இது.

வடிவத்தைக் கணக்கிட்டு அறிவதே கோட்பாட்டு வேதியியலின் பெரும்பணி. புரதங்களைப் பொறுத்தவரை அப்பணிக்கு அடிக்கல் நாட்டியோருள் ஒருவர் ஜி. என். இராமச்சந்திரன் (1922–2001). பதவியால் அவர் இயற்பியல் பேராசிரியர். 1952இல், ஏறத்தாழ முப்பது வயதில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமையை ஏற்றார். தோலிலும் தசைநாணிலும் உள்ள கொல்லாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு அப்போது விடுபடாத புதிராக இருந்தது. 1954இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் அது மூன்று இழைகள் சேர்ந்த சுருள் என்று 'நேச்சர்' இதழில் எழுதினர். மறு ஆண்டில் அவ்வமைப்பைத் திருத்தியும் வெளியிட்டனர்.

அப்போது எழுந்தது கடுமையான மறுப்பு. அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும், சென்னை அமைப்பில் சில அணுக்கள் பொருந்தாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்றனர். இதற்கு இராமச்சந்திரன் சொற்போரால் விடை தேடவில்லை. 'பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்?' என்று மறுப்பையே ஆய்வு வினாவாக மாற்றிக்கொண்டார். அதுவரை வெளிவந்திருந்த படிக அமைப்புகளை எல்லாம் தம் குழுவினரோடு துருவி, அணு இணைகளுக்குரிய குறைந்தபட்சத் தொலைவுகளைத் தொகுத்தார்.

அடுத்த படி கணக்கு. புரதச் சங்கிலியில் பெப்டைடு பிணைப்பு தட்டையாக விறைத்து நிற்கும்; அதற்கிடையே உள்ள கரி அணுவின் இருபுறமும் மட்டுமே சங்கிலி திரும்ப முடியும். ஆகவே, ஒவ்வோர் அமினோ அமிலத்திற்கும் இரண்டு கோணங்கள் போதும். ஒவ்வொரு கோண இணைக்கும் அணுத் தொலைவுகளைக் கணித்து, மோதல் நேரும் இணைகளை நீக்கினர். மேசைக் கணக்குப் பொறிகளைக் கொண்டு நடந்த உழைப்பு இது. 1963இல் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பிறந்ததே 'இராமச்சந்திரன் வரைபடம்'. அதில் பெரும்பகுதி விலக்கப்பட்ட நிலம்; சில தீவுகளே அனுமதிக்கப்பட்டவை.

தமிழ் மாணவர்க்கு இம்முறை அன்னியமானதன்று. தொல்காப்பியம் எழுத்தைத் தனித்தனியே எண்ணியதோடு நிற்கவில்லை. எது மொழிக்கு முதலாகும், எது ஈறாகும், எந்த மெய் எதனோடு மயங்கும் என்றும் வரையறுத்தது. ககர மெய் தன்னோடு மட்டுமே மயங்கும். எனவேதான் 'பக்தி' தமிழில் 'பத்தி' ஆயிற்று. எண்ணத்தகும் சேர்க்கைகள் பல. நிகழத்தகும் சேர்க்கைகள் சில. ஒன்றில் தடை செய்வது மொழியின் மரபு, மற்றொன்றில் அணுக்களின் பருமன். இவ்வேறுபாட்டையும் மாணவர் மறக்கலாகாது. கொல்லாஜனில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் வருவதற்கும் பருமனே காரணம்: மூவிழைகளின் நடுவே அந்த மிகச் சிறிய அமினோ அமிலத்திற்கே இடமுண்டு.

பின்னாளில் இராமச்சந்திரன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூற்று உயிர் இயற்பியல் பிரிவை நிறுவினார். 1977இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார்.

வடசிலாங்கூர்த் தமிழ்ப்பள்ளி மாணவருள் பலர், பெரிய கருவிகள் இல்லாத இடத்தில் பெரிய அறிவியல் பிறவாது என்று எண்ணக்கூடும். ஆசிரியர்கள் இவ்வரலாற்றைப் பாடமாக்குவது நன்று; கூர்மையான வினாவும் பொறுமையான கணக்கும் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு இது சான்று. இன்று கணினி வரைந்து தரும் புரத வடிவங்களும் சென்னையில் பிறந்த அந்த வரைபடத்தின்மேல் வைத்தே சரிபார்க்கப்படுகின்றன.