உத்தரவு போட்ட பிறகு யார் கேட்கிறது?

ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வேறொரு வீட்டில் வைக்கச் சொல்லி நீதிபதி கையெழுத்துப் போட்டுவிட்டார். சரி, அதுக்கப்புறம் அது எப்படி இருக்குன்னு யார் கேட்கிறது? அமெரிக்கா இதற்கு ஒழுங்கான பதில் சொல்ல ரொம்ப காலம் ஆனது.

அங்கே முதல் சிறார் நீதிமன்றம் 1899இல் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோ இருக்கும் குக் கவுண்டியில் வந்தது. ஆனால் ‘ஃபாஸ்டர் கேர்’ என்கிற வளர்ப்புக் குடும்ப ஏற்பாட்டில் நீதிபதியின் வேலை பெரும்பாலும் முதல் உத்தரவோடு முடிந்துவிடும். மற்றதெல்லாம் குழந்தைகள் நல அலுவலகத்தின் பாடு. கொஞ்ச நாளைக்கு என்று போன குழந்தைகள் வருடக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஹென்றி மாஸ், ரிச்சர்ட் எங்லர் இருவரின் 1959ஆம் ஆண்டு ஆய்வு இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

சியாட்டிலில் டேவிட் சூக்கப் என்ற நீதிபதிக்கு வேறொரு கவலை. குழந்தையைப் பற்றிப் போதுமான விவரமே தெரியாமல் அதன் வாழ்க்கையை எப்படித் தீர்மானிப்பது? 1977இல் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைக் குழந்தையின் சார்பில் பேச நியமித்தார். பின்னாளில் இது நாடு முழுக்கப் பரவியது.

பெரிய திருப்பம் 1980இன் கூட்டாட்சிச் சட்டம். 6 மாதத்துக்கு ஒருமுறை மறுஆய்வு, 18 மாதத்துக்குள் குழந்தையின் எதிர்காலம் பற்றிய விசாரணை. குடும்பத்தைப் பிரிக்காமல் இருக்க அலுவலகம் ‘நியாயமான முயற்சி’ எடுத்ததா என்று நீதிபதி பதிவு செய்யணும். இல்லாவிட்டால் அந்தக் குழந்தைக்கான கூட்டாட்சிப் பணம் கிடைக்காது. பணத்தில் கை வைத்தால்தானே அலுவலகம் அசையும்!

அந்த முயற்சி நடக்கலைன்னா குழந்தையே வழக்குப் போடலாமா? அந்த வாசகம் தனிநபருக்கு வழக்குத் தொடரும் உரிமை தரவில்லை என்று 1992இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, கேட்க வேண்டியவர் எதிரே உட்கார்ந்திருக்கும் நீதிபதிதான்.

1997இல் அந்த 18 மாதம் 12 ஆனது. கடைசி 22 மாதங்களில் 15 மாதம் வளர்ப்புக் குடும்பத்தில் இருந்தால், சில விலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையை ரத்து செய்ய அரசு மனுப் போடணும். குழந்தை காத்துக் கிடக்கக் கூடாதுன்னு வந்த விதி. ஆனால் 2 வருட சிறைத் தண்டனையில் இருக்கும் தாய்க்கும் அதே கடிகாரம்தான் ஓடும்.

அதனாலதான் அந்த விசாரணை முக்கியமாகிறது. ‘நியாயமான முயற்சி’ என்ற கட்டத்தில் நீதிபதி சும்மா டிக் போட்டுவிட்டுப் போனால், கெடு மட்டும் நடக்கும். உதவி நடந்ததா என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தாய்க்கு என்ன செய்தீர்கள், குழந்தையைக் கடைசியாக எப்போது போய்ப் பார்த்தீர்கள் என்று கேட்டால்தான் அது மேற்பார்வை.