நூற்கண்டும் கத்தரிக்கோலும்

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒரு மாலை நின்றுகொண்டிருந்தேன். கேரளத்துக்குப் போகும் லாரியில் பாரம் ஏற்றிக் கயிறும் கட்டிவிட்டார்கள். அப்போது ஒரு வியாபாரி ஓடி வந்தார். அவருடைய முருங்கைக்காய்க் கட்டு ஒன்று தவறி ஏறிவிட்டதாம்.

"எந்தக் கட்டுன்னு தெரியுதுங்கண்ணே, ஆனா அடியிலல்ல போயிருச்சு!" என்றார் லோடுமேன். கடைசியில், கைக்கு எட்டிய ஓரத்தில் அதே ஜாடையில் இருந்த வேறொரு கட்டை உருவிக் கொடுத்தார்.

உயிரணுவுக்குள்ளும் ஏறக்குறைய இதே கதைதான்.

நம் உடம்பின் ஓர் உயிரணுவில் உள்ள டி.என்.ஏ. இழைகளை நீட்டி வைத்தால் சுமார் 2 மீட்டர் வரும். அத்தனையும் கண்ணுக்குத் தெரியாத உட்கருவுக்குள் அடங்கிக் கிடக்கிறது. ஜெர்மனியில் வால்தர் பிளெம்மிங் 1880-வாக்கில் சாயம் ஏற்றிப் பார்த்து அந்தப் பொருளுக்குக் 'குரோமாட்டின்' என்று பெயரிட்டார். 1884-ல் ஆல்பிரெக்ட் கோசல் அதிலிருந்து ஹிஸ்டோன் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார். பிறகு நெடுங்காலம் ஹிஸ்டோனை வெறும் சாக்குப்பையாகவே மதித்தார்கள். சாக்குப்பைக்கு மரியாதை செய்யும் வழக்கம் நம் சந்தையிலும் இல்லையே! 1974-ல் ரோஜர் கோர்ன்பெர்க், எட்டு ஹிஸ்டோன்களும் இழையும் சேர்ந்த ஓர் அமைப்பே திரும்பத் திரும்ப வருகிறது என்றார். ஒவ்வொரு கண்டிலும் சுமார் 147 எழுத்து நீளத்துக்கு இழை சுற்றியிருப்பது பின்னர் தெளிவாயிற்று.

2012-ல் ஜெனிபர் டௌட்னாவும் எம்மானுவேல் சார்பென்டியேவும் கிரிஸ்பர் கத்தரிக்கோலைக் காட்டினார்கள். 20 எழுத்து விலாசம் கொடுத்தால் அந்த இடத்தில் வெட்டும். விலாசம் சரியாக இருந்தால் போதும் என்று தோன்றியது. போதவில்லை. கண்டில் இறுகச் சுற்றிய இடத்தைக் கத்தரிக்கோல் நெருங்க முடியாமல் தவித்ததை 2016-ல் வெளிவந்த சோதனைகள் காட்டின. விலாசத்தில் ஓரிரு எழுத்தே மாறிய வேறோர் இடம் அவிழ்ந்து கிடந்தாலோ, வெட்டு அங்கே விழக்கூடும். லோடுமேன் உருவிய கட்டு மாதிரி!

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இருவர், நீலகிரிப் பழங்குடி மக்களின் இரத்தத்தில் அரிவாளணுச் சோகைக்கான கூறு இருப்பதை எழுதினார்கள். சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து நாளங்களை அடைத்துக்கொள்ளும் வியாதி அது. தாயின் வயிற்றில் இருக்கும்போது சிசுவிடம் வேறுவகை ஹீமோகுளோபின் உண்டு. பிறந்தபின் அதை அடக்கிவைப்பது பிசிஎல்11ஏ என்ற மரபணு. அந்தப் பிடியைத் தளர்த்தினால் வியாதி தணியும். எங்கே வெட்டுவது? சிவப்பணுவாகப் போகும் அணுக்களில் இழை அவிழ்ந்து கிடந்த இடமே 2013-ல் வழி காட்டியது. மறைத்து வைத்த கட்டே அடையாளமும் சொல்லிற்று!

அந்த இடத்தை வெட்டும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி தந்தது. அடுத்த மாதம் அமெரிக்காவில் அதற்கு வைத்த விலை 22 லட்சம் டாலர். ரூபாயில் எவ்வளவு என்று கணக்குப் போட உட்கார்ந்தேன். பாதியில் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.