சான்றளிக்கும் உரிமை: தமிழகத் திருநங்கையர் அமைப்புகளின் வரலாறு

தமிழகத் திருநங்கையர் உரிமை வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 2008-இல் தொடங்குகிறார்கள். அவ்வாண்டு ஏப்ரல் 15 அன்று, இந்தியாவிலேயே முதன்முறையாக, அவர்களுக்கென நல வாரியம் ஒன்றைத் தமிழக அரசு அமைத்தது. அரசாணையை முன்வைத்து எழுதினால் இந்த வரலாறு அரசின் கொடையாகிவிடும். ஆணைக்கு முன்பே அவர்கள் கட்டி வைத்திருந்த அமைப்புகளிலிருந்து தொடங்குவதே முறை.

அவற்றுள் மூத்தது ஜமாத் என்னும் உறவு அமைப்பு. வீட்டைவிட்டு விரட்டப்பட்டு வரும் இளையவரை மூத்த திருநங்கை ஒருவர் மகளாகத் தத்தெடுப்பார். தாய்க்குத் தாய் நானி. பெரியவர்களைக் கண்டால் ‘பாம்படுத்தி’ சொல்லி வணங்க வேண்டும். நிர்வாணம் (ஆணுறுப்பு நீக்கம்) செய்துகொண்டவரை நாற்பது நாள் வீட்டுக்குள் வைத்துப் பராமரிப்பார்கள்; நாற்பதாம் நாள் சடங்கு செய்து வெளியே அழைத்து வருவார்கள். மருத்துவமனை வாசலை மிதிக்கவே அஞ்சிய காலத்தில் காயம் ஆறியது இந்த வீடுகளில்தான். சண்டை சச்சரவுகளை ஜமாத் கூடித் தீர்த்தது, தண்டமும் விதித்தது. ஒருவரைத் திருநங்கை என்று ஏற்கும் அதிகாரமும் அதனிடமே இருந்தது. இதற்காக ஜமாத்தைப் புனிதமாக்க வேண்டியதில்லை. மூத்தவர் சொல்லுக்கு மறுசொல் கூடாது என்ற கட்டுப்பாடும் சம்பாத்தியத்தில் பங்கு தரவேண்டிய கட்டாயமும் பலரை வாட்டியிருக்கின்றன.

அரசு வைத்திருந்த அளவுகோலோ வேறு. 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், தன் இரண்டாம் பகுதியில், இச்சமூகத்தினரைப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. பதிவானவர் பெண் உடையில் பொது இடத்தில் தென்பட்டால் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். அவர் மகவைத் தத்தெடுக்கவோ உயில் எழுதவோ கூடாது. வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் என்றாலும், காவல்துறையின் அந்தப் பார்வை இந்தியாவெங்கும் நீடித்தது. 1860-இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தின், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவு 2018 வரை அதற்குத் துணைநின்றது.

1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. அடுத்த பத்தாண்டில் தடுப்புப் பணிக்கு நிதி வந்தபோது, அரசு ஊழியர் நுழைய முடியாத இடங்களுக்குச் செல்ல அச்சமூகத்தாரே தேவைப்பட்டனர். 1998-இல் தொடங்கப்பட்ட ‘சகோதரன்’ போன்ற அமைப்புகளில் திருநங்கையரும் தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களும் களப்பணியாளர்களாயினர். ஆணுறை வழங்கவும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லவும் போனவர்கள், கைதானவர்களை மீட்கக் காவல் நிலையத்துக்கும் போக நேர்ந்தது. கணக்கெழுதுவது, மனுப் போடுவது, அதிகாரியின் எதிரே உட்கார்ந்து பேசுவது என எல்லாம் அங்கே பழகியவைதான். சித்திரை முழுநிலவில் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்ளக் கூவாகம் வந்த கூட்டம், அதற்கு முந்தைய நாட்களில் விழுப்புரத்து அரங்குகளில் கோரிக்கைகளையும் பேசத் தொடங்கியது. நிதி கொடுத்தவர்களுக்கு நோய்த்தடுப்பே இலக்கு. அந்தப் பணத்தைக் கொண்டு ஓர் அரசியலையே உருவாக்கியது இவர்களின் சாமர்த்தியம்.

எழுத்தும் உடன் வந்தது. திருநங்கையர் தம் வாழ்வைத் தாமே சொல்ல, திருநங்கை எழுத்தாளர் ரேவதி தொகுத்த ‘உணர்வும் உருவமும்’ 2004-இல் வெளியானது. மூன்றாண்டுக்குப் பின் லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறான ‘நான், சரவணன் வித்யா’ வந்தது.

இந்தப் பணிகளின் நடுவேதான் 2006 டிசம்பரில், கல்வி நிலையங்களில் அவர்களுக்கு இடம் மறுக்கக் கூடாது என்ற அரசாணை பிறந்தது. 2008-இல் அமைந்த நல வாரியத்தில் திருநங்கையர் உறுப்பினராயினர். அடையாள அட்டையும் குடும்ப அட்டையும் கைக்கு வந்தன. ஆனால் திருநம்பியர், அதாவது பெண்ணாகப் பிறந்து ஆணாக உணர்வோர், நெடுங்காலம் பார்வைக்கு வெளியிலேயே நின்றனர். இதை இயக்கத்தின் குறையாகவே சொல்ல வேண்டும்.

2014 ஏப்ரல் 15 அன்று தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நல்சா) தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், பாலின அடையாளத்தை அவரவரே முடிவு செய்யலாம், அறுவைச் சிகிச்சையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. சான்றளிக்கும் உரிமை முதன்முறையாகத் தனிமனிதரிடம் வந்தது. 2019-இன் மத்தியச் சட்டமோ மாவட்ட ஆட்சியரின் சான்றிதழைக் கேட்டது. ஆண் அல்லது பெண் என்று மாற்றிக்கொள்ள மருத்துவச் சான்றும் வேண்டும் என்றது.

இடஒதுக்கீட்டிலும், அடையாளத்தை யார் வரையறுப்பது என்ற இதே கேள்விதான். தமிழக அரசு திருநங்கையரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. தலித் திருநங்கை ஒருவர் சாதிக்கான ஒதுக்கீட்டையோ பாலினத்துக்கானதையோ இழக்க வேண்டிய நிலை இதனால் உண்டானது. திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு உள்ளிட்டோர், ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் தனி இடம் தரும் கிடைமட்ட ஒதுக்கீட்டைக் கேட்டுப் பல ஆண்டுகள் போராடினர். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் 1 விழுக்காடு கிடைமட்ட ஒதுக்கீடு வழங்குமாறு அரசுக்கு உத்தரவிட்டது.