அழைப்பு எண் வழங்கியும் ஃபெடோராவின் தொகுப்பு மேலாளரும்

தரைவழித் தொலைபேசிக்கு வரும் அழைப்பின் எண்ணைப் பிடித்து, வீட்டிலும் அலுவலகத்திலும் உள்ள கணினிகளின் திரையில் காட்டும் நிரலை அழைப்பு எண் வழங்கி என்பர். கட்டற்ற மென்பொருள்களில் இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு என்.சி.ஐ.டி. ஃபெடோரா லினக்சில் இதை நிறுவுவது, புதுப்பிப்பது, நீக்குவது எல்லாமே முனையத்தில் தட்டச்சிடும் ஒற்றை வரிக் கட்டளைகள்தாம். அந்த எளிமை கைகூடப் பல ஆண்டுகள் ஆயின.

அழைப்பவரின் எண்ணைக் காட்டும் சேவை அமெரிக்காவில் 1980களின் பிற்பகுதியில் நியூ ஜெர்சியில் தொடங்கியது. அங்கே முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையிலான மௌனத்தில், 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரு ஒலிகளாகத் தொலைபேசி நிலையம் எண்ணை அனுப்பிவிடும். மோடம் அதைப் படித்துக் கணினிக்குத் தருகிறது. பின்னணியில் ஓடும் என்.சி.ஐ.டி.யின் வழங்கி நிரல் அதைப் பதிவேட்டில் எழுதி, 3333ஆம் எண் போர்ட் வழியாக வாங்கி நிரல்களுக்கு அனுப்புகிறது. தெரிந்த எண்ணுக்குப் பெயர் சூட்டலாம். தொல்லை எண்ணைக் கரும்பட்டியலில் சேர்த்து, அந்த அழைப்பை வழங்கியே துண்டிக்கும்படி அமைக்கலாம்.

இத்தகைய சிறு மென்பொருளுக்குக்கூடத் துணைகள் பல வேண்டும். திரையில் காட்டும் வாங்கிக்கு டி.கே., இணையவழித் தொலைபேசியின் அழைப்புகளைக் கவனிக்கும் பகுதிக்கு லிப்பிகேப், வேறு சில பகுதிகளுக்குப் பெர்ல். ஒரு காலத்தில் மூலநிரலை இறக்கித் தொகுப்பவரே இவற்றையும் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது.

1995இல் ரெட் ஹாட் நிறுவனத்தில் எரிக் டிரோனும் மார்க் யூவிங்கும் ஆர்.பி.எம். என்ற தொகுப்பு மேலாளரை எழுதினார்கள். எந்தக் கோப்பு எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது, அதற்கு எவை துணை என்ற கணக்கு முழுவதையும் அது ஒரு தரவுத்தளத்தில் வைத்தது. ஆனால் துணை ஒன்று இல்லையென்றால் அதன் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். தேடி எடுத்துவரும் வேலை மனிதரின் தலையில்தான் விழுந்தது.

அந்தச் சுமையை இறக்கியது யம். யெல்லோ டாக் லினக்சின் யப் என்ற கருவியைத் திருத்தி, டியூக் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் சேத் விடாலும் மைக்கேல் ஸ்டெனரும் இதை உருவாக்கினார்கள். களஞ்சியங்களில் தேடி, துணைகளையும் சேர்த்துக் கொண்டுவரும் பொறுப்பை நிரலே ஏற்றுக்கொண்டது. இந்த வரலாற்றின் பெரிய பாய்ச்சல் இதுவே. சேத் விடால் 2013 ஜூலையில் மிதிவண்டியில் சென்றபோது கார் மோதி உயிரிழந்தார். அவருடைய உழைப்பின் பயனை அவர் பெயரே அறியாத எத்தனையோ பேர் இன்றும் துய்க்கிறார்கள்.

2013 ஜனவரியில் ஃபெடோரா 18உடன் சோதனைக்கு வந்த டி.என்.எஃப்., 2015இல் ஃபெடோரா 22இல் யம்மின் இடத்தைப் பிடித்தது. ஓப்பன் சூசேயில் வளர்ந்த லிப்சால்வ் நூலகத்தின் துணையோடு சார்புச் சிக்கல்களை இது தீர்க்கிறது. 2024இல் ஃபெடோரா 41 இதன் ஐந்தாம் பதிப்புக்கு மாறியது.

'டி.என்.எஃப். இன்ஸ்டால்' என்ற கட்டளையோடு தொகுப்பின் பெயரைச் சேர்த்தால் நிறுவல் முடியும். ஆனால் ஃபெடோராவில் வழங்கி தானாக ஓடத் தொடங்காது. சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் இயக்க வேண்டும். டெபியன் வழக்கம் இதற்கு நேர்மாறு. அங்கே நிறுவியதுமே வழங்கி ஓடத் தொடங்கும்.

அழைப்பு எண் வழங்கிக்குத் தொகுப்பு மேலாளர் செய்யும் தலையாய உதவி நிறுவல் அன்று, மேம்பாடு. ஆண்டுக்கணக்கில் ஒருவர் சேர்த்துவைத்த பெயர்ப்பட்டியலும் கரும்பட்டியலும் புதிய பதிப்பு வரும்போது அழிந்துபோனால் வழங்கியால் பயனில்லை. இவை இருக்கும் அமைவுக் கோப்பை மாற்றி எழுதக்கூடாது என்று தொகுப்பில் குறித்திருந்தால், பயனர் திருத்திய கோப்பை ஆர்.பி.எம். தொடாது. புதிய கோப்பை 'ஆர்பிஎம்நியூ' என்ற பின்னொட்டுடன் அருகில் வைத்துவிடும். தொகுப்பையே நீக்கினாலும், திருத்திய அமைவுக் கோப்பு 'ஆர்பிஎம்சேவ்' என்ற பின்னொட்டுடன் தங்கும்.

பழைய கோப்பும் புதிய கோப்பும் தாமாக ஒன்று கலப்பதில்லை. எனவே ஒவ்வொரு மேம்பாட்டுக்குப் பிறகும் அமைவுக் கோப்புகள் உள்ள அடைவைத் திறந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வழங்கியை அதன்பின் மறுதொடக்கம் செய்யுங்கள்.